சாவி இடுப்பில், உறுமல் வாசலில்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வாசலில் நின்றிருந்த வேன், சாவி இல்லாமல், சீட்டில் ஆள் இல்லாமல், தானாக ஸ்டார்ட் ஆனது. அந்த உறுமலில் உப்பளத்தில் குவித்துவைத்திருந்த உப்பு மலைகளில் இரண்டு சரிந்தன. கழுவேலி ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் ஒரே மூச்சாகக் கிளம்பி, பழவேற்காட்டில் போய்த்தான் காலை ஊன்றின. ஈசிஆரில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்கள் எல்லாம், பின்னால் எந்த ராட்சசன் வருகிறான் என்று ஓரம் கட்டி வழிவிட்டன.

சிரிக்கிறீர்கள். சரி, பூநாரைகளை விட்டுக்கொடுக்கிறேன். உப்பு மலையிலும் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆனது என்பதில் நூலளவும் குறைக்க மாட்டேன்.

என் பேச்சுக்கு ஊரில் என்ன மதிப்பு என்பது எனக்குத் தெரியும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பவுல்ராஜ் நான். தானே புயலில் என் தொப்பி பறந்துபோய்க் காரைக்கால் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்த டைம் கீப்பர் தலையில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் மழை பெய்கிறது என்றால்கூட ஆட்கள் வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுக்கிறார்கள்.

இந்தத் தடவை எனக்குச் சாட்சி இருந்தது. ஒரே ஒரு சாட்சி. என் மனைவி ஆனந்தம்மாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று எங்கள் கோயில் பங்கு முழுக்கப் பெயர் வாங்கியவள். அவளோ வாயைத் திறக்க மாட்டேன் என்று நின்றாள். அவள் வாயில் என் மகள் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்த நாள் அது.

இந்தத் தொடரில் நடுவில் ஒரு வாரம் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

ஜெனிஷா எங்கள் ஒரே மகள். எலெக்ட்ரிகல் டிப்ளமா. கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியில் சுவிட்ச் போர்டு தயாரிக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை சாலமன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறார். தங்கமான பிள்ளை. என் பேச்சைத் தவிர உலகத்தில் எதையும் அவர் சந்தேகப்பட்டதில்லை.

எக்கியார்குப்பத்திலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் லோடு வண்டியில் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போகிறார்கள். உட்கார்ந்து போக ஒரு வேன் விட்டால் என்ன என்று ஜெனிஷாவுக்குத் தோன்றியது. ஏதோ பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட வேன் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினாள். அதன் பெட்ரோல் இன்ஜினை உப்புக்காற்று ருசி பார்த்து முடித்திருந்தது. கூனிமேட்டு மெக்கானிக் பாய், உடைப்புக்குப் போன குட்டி லாரி ஒன்றின் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து அதற்குள் இறக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "இன்ஜின் என் பொறுப்பு, ஒயரு உங்க நசீபு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

ஆனந்தம்மாளுக்கு இதில் ஒரு துளி சம்மதமில்லை. கட்டிக்கொடுத்த பெண் புருஷனை அங்கே விட்டுவிட்டு இங்கே வேனுக்கு அடியில் கால் மட்டும் தெரியக் கிடந்தால், கோயிலுக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்ன நினைப்பார்கள் என்பது அவள் கட்சி. இழுத்துப் பறித்துக் கடைசியில் ஓர் உடன்பாடு ஆனது. ஞாயிறு சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் மாப்பிள்ளை போன் போடுவார். அதற்குள் வேன் ஓடினால் ஜெனிஷா இங்கேயே இருந்து வண்டி விடலாம். ஓடாவிட்டால் வேன் பழைய இரும்புக்கு, ஜெனிஷா ஸ்ரீபெரும்புதூருக்கு. அங்கே அவளுக்கும் ஒரு வேலை பேசி வைத்திருந்தார் சாலமன். ஓடியதா இல்லையா என்று போனில் சொல்ல வேண்டியவள் ஆனந்தம்மாள். மாமனார் வார்த்தையை நம்பி யார் வாழ்க்கையை முடிவு செய்வார்கள்?

வேன் சாவியும் அவள் இடுப்பில். நான் உள்ளே ஏறி உட்கார்ந்து விசில் ஊதி விளையாடுகிறேன் என்று குற்றம் சாட்டி அதை ஏற்கெனவே பறிமுதல் செய்திருந்தாள்.

ஆக, அந்த ஞாயிறு வந்தது.

காலையிலிருந்தே காற்று ஒரு நிலையில் இல்லை. கடல் பக்கமிருந்து அடிக்கும், நிற்கும், உப்பளத்துப் பக்கமிருந்து திரும்பி அடிக்கும். கொடியில் காய்ந்த துணியெல்லாம் எந்தப் பக்கம் பறப்பது என்று தெரியாமல் முறுக்கிக்கொண்டது. வீட்டில் மூன்று பேரும் அந்தத் துணி மாதிரிதான் இருந்தோம். நான் வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்த நடையைக் கோடாக நீட்டினால் திண்டிவனம் போய்த் திரும்பியிருக்கலாம். ஆனந்தம்மாள் விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள். ஜெனிஷா முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, நைட்டிமேல் என் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தவள், வெளியே எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். வேனின் பழைய சாவி சுவிட்ச் பெட்ரோல் இன்ஜினுக்குப் பழகியது. புது டீசல் இன்ஜினின் ஸ்டார்ட்டரோ ஆனைப் பசிக்காரன். அவன் கேட்கிற கரென்டைச் சாவி சுவிட்ச் வழியாகவே விட்டால் சுவிட்ச் வெந்துபோகும். அதனால் நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டியைப் போட வேண்டும். இதை ஜெனிஷா எனக்குப் படம் போட்டு விளக்கினாள். எனக்குப் படம் தேவையில்லை. சாவி என்பது இறங்க வேண்டும் என்று சத்தம் போடுகிற பயணி. ஸ்டார்ட்டர் என்பது டிரைவர். ரிலே யார்? கண்டக்டர். பயணி சொன்னதைக் கேட்டு ஒரு விசில் கொடுக்கிறான், அவ்வளவு பெரிய பஸ் நிற்கிறது, நகர்கிறது. இத்தனை வருஷம் நான் ரிலேயாகத்தான் இருந்திருக்கிறேன் என்பது தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

ஆனால் எங்கள் வேனின் கண்டக்டர் விசில் ஊதவில்லை.

ஜெனிஷா சாவி கேட்பாள். ஆனந்தம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். இன்னும் திருப்பினால் ரிலே "டக்" என்று சொல்ல வேண்டும். சொல்லாது. சாவி மறுபடி இடுப்புக்குப் போகும். ஜெனிஷா ரிலேயை மாற்றிப் போட்டாள். அதுவும் ஊமை. சாவியிலிருந்து வருகிற ஒயரை டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தாள். விளக்கு ஒரு நேரம் பளிச்சென்று எரிந்தது, ஒரு நேரம் மின்மினி மாதிரி மங்கியது.

இரண்டாம் பூசை முடிந்து ஆட்கள் போகிற நேரத்தில் மலர்கொடி கேட்டருகே வந்து நின்றாள். உப்பளத்துப் பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. அவள் கோயிலுக்குப் போகிறவள் இல்லை, எங்கள் வாசலைப் பார்க்கத்தான் அந்த வழியாக வந்திருந்தாள். நாளை விடியற்காலையில் பெண்கள் வேனுக்குக் காத்திருப்பதா, லோடு வண்டிக்காரனுக்குச் சொல்லிவிடுவதா என்று கேட்டாள். அவன் ஏற்கெனவே முறைக்கிறானாம். ஒரு நாள் இதற்குக் காத்திருந்து ஏமாந்தால் மறுநாளிலிருந்து ஏற்ற மாட்டேன் என்கிறானாம்.

ஜெனிஷா பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள். முகத்தில் கிரீஸ்.

"சாயங்காலம் மணி அடிக்கட்டும்க்கா. அப்ப சொல்றேன்."

"நீ சொன்னா போதும் ஜெனி. உங்கப்பாகிட்ட சொல்லி அனுப்பாத" என்றாள் மலர்கொடி. என் முகத்துக்கு நேராகவே.

அவள் போன பிறகு ஜெனிஷா சாவி சுவிட்சையே கழற்றிப் பிரித்தாள். உள்ளே செம்பெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி பூத்திருந்தது. இந்தக் கரையில் உப்புக்காற்று போகாத இடம் கிடையாது. பூட்டின சூட்கேசுக்குள் இருக்கிற கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை சட்டை பட்டன் துருப்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். இதுதான் கோளாறு என்று ஜெனிஷாவுக்கு உயிர் வந்தது. கூனிமேட்டில் பாயிடம் பழைய சுவிட்ச் ஒன்று கிடக்கும், வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். போகிற அவசரத்தில் பேட்டரியைக் கழற்றவில்லை. ரிலேயையும் அதன் காலெல்லாம் வானத்தைப் பார்க்க, கரப்பான் பூச்சி மாதிரி மல்லாக்கப் போட்டுவிட்டுப் போனாள். பானெட் திறந்தே கிடந்தது.

நான் வேனுக்கு அடியில் போய்ப் படுத்தேன். ஆயில் ஒழுகுகிறதா என்று பரிசோதிக்க. அங்கே நிழலும் இருந்தது, காற்றும் வந்தது, பரிசோதனை கொஞ்ச நேரத்தில் குறட்டையாக மாறியிருக்கலாம்.

கண் விழித்தபோது தலைக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள். மெட்டி போட்ட, எனக்கு நன்றாகத் தெரிந்த பாதங்கள். மேலே மெல்லிய முணுமுணுப்பு. அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள் ஆனந்தம்மாள். அவள் வெறுக்கிற வேனின் முன்னால் நின்றுகொண்டு.

பிறகு சொட்டுச் சொட்டாக என் மூக்கில் ஏதோ விழுந்தது. நாக்கை நீட்டி ருசி பார்த்தேன். உப்பு.

தீர்த்தம்!

எங்கள் பங்கின் தீர்த்தத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் சாமியார் தண்ணீரை மந்திரிக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு போடுவார். இது உப்பு விளைகிற ஊர். மழை முடிந்து பாத்தியில் வாருகிற முதல் உப்பைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் கொட்டுவார்கள். சாமியார் யார் மனசையும் நோகடிக்காமல் எல்லார் உப்பிலும் கொஞ்சம் அள்ளிப் போடுவார். எங்கள் தீர்த்தத்தில் உப்புக்கு நடுவே தண்ணீர்தான் இடம் தேட வேண்டும். ஒரு பாட்டில் இருந்தால் ஒரு மாசத்துக்குக் கருவாடு போடலாம். புது வீடு, புதுப் படகு, புது மருமகள், எதுவாக இருந்தாலும் முதலில் அதைத் தெளித்துவிட்டுத்தான் மற்றது.

ஆனந்தம்மாள் தெளிக்கவில்லை. முழு பாட்டிலையும் கவிழ்த்தாள்.

மேலே "டக்" என்றது.

அடுத்த நொடி என் முகத்துக்கு மேலே உலகம் உடைந்தது. ஸ்டார்ட்டர் கர்ரென்று கத்த, அந்தக் குட்டி லாரி இன்ஜின் ஒரு இருமல் இருமி, ஒரு குலுக்குக் குலுக்கி, உறுமத் தொடங்கியது. அந்தக் காலத்து டீசல். ஒருமுறை சுற்றிவிட்டால் போதும், அப்புறம் கரென்டே வேண்டாம், டீசலைக் குடித்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடும். கறுப்புப் புகை வயிற்றுக்கு அடியில் பரவியது. நான் நான்கு காலில் எப்படி வெளியே வந்தேன் என்பது எனக்கே தெரியாது. வேன் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றிருந்ததால்தான் இந்த வாரம் உங்களுக்கு அத்தியாயம் கிடைத்தது.

வெளியே வந்து பார்த்தேன். டிரைவர் சீட் காலி. சாவி சுவிட்ச் இருந்த இடத்தில் ஓட்டை, ஒயர்கள் அநாதையாகத் தொங்குகின்றன. சாவி ஆனந்தம்மாளின் இடுப்பில் வெயில் பட்டு மின்னுகிறது. அவள் கையில் காலி பாட்டில். கண்கள் இரண்டும் இட்லித் தட்டு அகலம்.

ஸ்டார்ட்டர் கத்துவதை நிறுத்தவில்லை. அவள் பயத்தில் அந்த பாட்டிலாலேயே ரிலேயை ஓர் அடி அடித்தாள். அது துள்ளிப் போய் விழ, ஒயர் கழன்று, கத்தல் அடங்கியது. இன்ஜின் மட்டும் ஓடியது. நான் எட்டி, இன்ஜினை நிறுத்துகிற கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

அமைதி. அப்படி ஓர் அமைதியைப் பெரிய வெள்ளிக்கிழமையில்கூட நான் கேட்டதில்லை.

"ஆனந்தம், பாத்தியா?" என்றேன்.

அவள் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தாள். "கறி அடி புடிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்னால் இதை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியுமா? உடனே மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், பாவம், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பூநாரைகள் பழவேற்காட்டில் இறங்கிய கட்டத்தில் மட்டும் ஒரு தடவை இருமினார். பிறகு, "சரிங்க மாமா. நானும் அத்தைகிட்ட ஒண்ணு சொல்லணும். சாயங்காலம் சொல்றேன்" என்றார். குரலில் ஏதோ ஒரு தயக்கம். நான் துருவினேன். அவர் பிடி கொடுக்கவில்லை.

ஜெனிஷா சுவிட்சோடு திரும்பி வந்தாள். ஸ்கூட்டியிலிருந்து இறங்குவதற்குள் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தாள்.

"சுவிட்சே இல்லாத வண்டி எப்படிப்பா ஸ்டார்ட் ஆவும்?"

இன்ஜினைத் தொட்டுப் பார் என்றேன். தொட்டாள். சூடுதான். ஆனால் அந்த வெயிலில் கேட்டைத் தொட்டாலும் சூடு, ஸ்கூட்டி சீட்டைத் தொட்டாலும் சூடு. ரிலே ஈரமாகக் கிடந்ததைப் பார்த்து, யார் தண்ணீர் ஊற்றியது என்று முகம் சிவந்தாள். நான் சமையல்கட்டைக் காட்டினேன்.

ஆனந்தம்மாள் வாசலுக்கு வந்து நின்றாள். நடக்கவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. அதை நான் பிறகுதான் கவனித்தேன். பொய் சொல்ல வராதவளுக்கு எப்படியெல்லாம் வழி கிடைக்கிறது பாருங்கள்.

"உங்கப்பா சொல்றத நீ எப்பலேர்ந்து நம்ப ஆரம்பிச்ச?" என்றாள். அவ்வளவுதான்.

ஜெனிஷா கேள்வியை அதோடு விட்டுவிட்டாள். ஈர ரிலேயைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்து மாட்டினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, விளங்கவில்லை. வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்த பிறகு விளங்கியது. நடந்ததை ஒப்புக்கொண்டால், தான் அங்கே நின்றதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டிலை ஒப்புக்கொள்ள வேண்டும். வேன் ஓடக்கூடாது என்று நாளெல்லாம் சண்டை பிடித்தவள், மகள் கூனிமேட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஓட வேண்டும் என்று மரியன்னையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்த மாமியார் அவள். மகளை அனுப்பி வைக்க மனசு வரவில்லை என்று எந்த வாயால் சொல்லுவாள்?

பிற்பகல் முழுக்க ஜெனிஷா புது சுவிட்சோடு மல்லுக்கட்டினாள். இப்போது டெஸ்ட் லாம்ப் மங்கவில்லை, கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்தது. சுவிட்சிலிருந்து ரிலே வரை கரென்ட் ஜம்மென்று வந்தது. ஆனால் ரிலே ஊமை. புது சுவிட்சின் சாவியும் இடுப்புக்குப் போனது, வந்தது, போனது. காற்று கடல் பக்கமே நிலைத்துவிட்டது. உப்பளத்தின் மேல் வெயில் சாய்ந்து, பாத்திகள் ஒவ்வொன்றாகச் செம்பு நிறமாகிக்கொண்டிருந்தன. எந்த நிமிஷமும் மணி அடித்துவிடும். மலர்கொடி வந்து கேட்டுக்கு வெளியே சத்தமில்லாமல் நின்றாள். லோடு வண்டிக்காரனுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா.

ஜெனிஷா ஸ்பானரைக் கீழே வைத்தாள். மிச்ச ஒயர்களை வளையம் வளையமாகச் சுற்றத் தொடங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

ஆனந்தம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் வேலை எதுவும் இல்லாமல் அவள் நின்று நான் பார்த்ததில்லை.

"ஏன்டி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அது தானா ஸ்டார்ட் ஆயிருந்தா, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"தானா எப்படிம்மா ஆவும்."

"பேச்சுக்குதான். அந்த டப்பா மேல உப்புத்தண்ணி கிண்ணி பட்டு."

ஜெனிஷாவின் கை ஒயரில் அப்படியே நின்றது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி பேசினாள்.

"அப்படி ஆயிருந்தா... இன்ஜின் நல்லா இருக்குது. ஸ்டார்ட்டரு நல்லா இருக்குது. ரிலேயும் நல்லா இருக்குது. உப்புத்தண்ணி வழியா கரென்ட் குறுக்கால பூந்து போயிருக்கு. அப்ப நான் போட்ட வழிலதான் எங்கியோ அடைச்சிக்கினு இருக்குது. வர்ற வழி பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. திரும்பிப் போற வழிதான். எர்த்து."

"எர்த்துன்னா?"

"தோ, இந்தக் கறுப்பு ஒயரும்மா. இது போய் வெறும் இரும்பத் தொடணும். நடுவுல துருவோ வேற எதுவோ இருந்தா ரிலே இழுக்காது."

ஆனந்தம்மாள் அந்தக் கறுப்பு ஒயர் போய் முடிகிற இடத்தைப் பார்த்தாள். ரிலேயைத் தாங்குகிற இரும்புப் பட்டை. அதில் போல்ட் போட்டு முறுக்கி, அந்தப் பட்டையை வேனின் உடம்போடு சேர்த்து முடுக்கியிருந்தது.

"பெயின்ட் இருந்தா?" என்றாள்.

மூன்று பேரும் பட்டையைப் பார்த்தோம். நீலம்.

இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் நீலம் என்பது கண்ணில் படுகிற நிறமே இல்லை. மழைக்காலம் முடிந்ததும், படகுக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயின்டை வாங்கி வந்து வீட்டில் இருக்கிற இரும்பு அத்தனைக்கும் அடிப்பது எங்கள் தெரு வழக்கம். அடிக்காவிட்டால் உப்புக்காற்று அடுத்த மழைக்குள் தின்றுவிடும். ஆனந்தம்மாள் இதில் சக்கரவர்த்தினி. கேட் நீலம், ஜன்னல் கம்பி நீலம், வாளிக் காது நீலம், கிரைண்டர் ஸ்டாண்டு நீலம். நான் கட்டிலில் தூங்கியபோது கட்டில் காலுக்கு அடித்து, என் முழங்காலையும் சேர்த்துக்கொண்டவள். வெறும் இரும்பைப் பார்த்தால் அவளுக்குக் கை நிற்காது.

சனிக்கிழமை ஜெனிஷா பட்டையை அறுத்து, ஓட்டை போட்டு, தேய்த்துச் சுத்தம் செய்து மதில்மேல் வைத்திருந்தாள். அந்த வழியாகப் போன ஆனந்தம்மாள் அதற்கு முன்னும் பின்னும், போல்ட், வாஷர் உட்பட, ஒரு கை அடித்துவிட்டுப் போயிருந்தாள். காய்ந்ததை ஜெனிஷா எடுத்து மாட்டியிருந்தாள். நீலமாக இருந்ததை அவளும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் பிறந்தவள் அல்லவா.

"துருப் புடிச்சிடுமேன்னு அடிச்சேன்" என்றாள் ஆனந்தம்மாள். ஓடவே கூடாத வண்டி துருப்பிடித்தால் இவளுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

அவள் விறுவிறுவென்று உள்ளே போய், மீன் செதில் சுரண்டுகிற கத்தியோடு வந்தாள். ஜெனிஷா போல்ட்டைக் கழற்ற, அவள் சுரண்டினாள். வஞ்சிரத்தைச் சுரண்டுகிற அதே வேகம். நீலச் செதில் அவள் முகத்திலும் தலையிலும் பறந்தது. பட்டையின் முன்பக்கம், பின்பக்கம், போல்ட், வேனின் உடம்பில் அது உட்காருகிற இடம். வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்ததும்தான் கத்தியை எடுத்தாள். ஜெனிஷா முடுக்கினாள்.

இடுப்பிலிருந்து சாவி தானாகவே வெளியே வந்தது. கேட்காமல் கொடுத்தாள்.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

ஜெனிஷா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு. இன்னும் திருப்பினாள்.

டக்.

இன்ஜின் எடுத்துக்கொண்டது. கேட் அதிர்ந்தது, ஜன்னல் அதிர்ந்தது, நீலமாக இருந்தது எல்லாம் அதிர்ந்தது. மலர்கொடி தலையில் கை வைத்தாள், பிறகு அதே கையை ஜெனிஷாவைப் பார்த்து ஆட்டிவிட்டு, வேகமாக நடக்க ஆரம்பித்தாள். லோடு வண்டிக்காரனிடம் சொல்ல அல்ல, பெண்களிடம் சொல்ல. நான் விசிலை எடுத்து ஊதிய ஊதலில் புதுச்சேரி எல்லையில் கீழ்புத்துப்பட்டில் நின்றிருந்த பஸ் ஒன்று கிளம்பிவிட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே சீட்டில் கிடந்த ஜெனிஷாவின் போன் அடித்தது. சாலமன். ஜெனிஷாவின் கை முழுக்க கிரீஸ். ஆனந்தம்மாள் எடுத்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, போனை மற்றக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"ஓடுது மாப்பிள்ளை. கேக்குதா? அதான் சத்தம்."

தான் சொல்ல வேண்டியதை (அது அடுத்த வாரம்) அப்புறம் வைத்துக்கொண்டு, அவர் முதலில் ஏதோ கேட்டார். அவள் முகம் மாறியது. கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மத்தியானம் நான் சொன்னதைத்தான் கேட்கிறார் என்று தெரிந்துவிட்டது. மாமா ஏதோ சொன்னாரே, தானாக ஸ்டார்ட் ஆனது என்று.

ஜெனிஷா இன்ஜினை நிறுத்தினாள். ஆனந்தம்மாள் முகத்தில் ஒட்டியிருந்த நீலச் செதிலைத் துடைத்தாள். துடைத்தது இன்னும் பரவியது. மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட என் பேச்சுக்குச் சாட்சி சொல்லாதவள்.

"அந்தப் பறவைங்க கத எனக்குத் தெரியாது மாப்பிள்ளை" என்றாள். மூச்சு வாங்கினாள். "மத்தது நடந்துச்சு. சாவி என் இடுப்புல இருந்துச்சு, வண்டில யாரும் இல்ல. தானாதான் ஸ்டார்ட் ஆச்சு. தீர்த்தம் ஊத்துனது நான்தான்."